தட்டாமல் மாறிய பாட்டு

முண்டியம்பாக்கம் நெருங்கியதும் கரும்பாலை வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் உட்கார்ந்தது மச்சான். பாதி வெல்லம், பாதி புளிப்பு, கொசுறாகக் கொஞ்சம் சாக்கடை. இந்த இடம் வந்தால் நீ விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எல்லாரும் மூக்க மூடிக்கினு பாடுங்கய்யா, அப்பதான் சினிமால பாடுற மாதிரியே வரும்" என்பாய். போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வாசனை வந்தபோதுதான் கவனித்தேன், என் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தாலாட்டுப் பாட்டு. குழந்தை தூங்கமாட்டேன் என்று அடம்பிடிக்க, அதைத் தூங்கவைக்கப் போன கதாநாயகியே தூங்கிவிடுவாளே, அந்தப் பாட்டு.

அதில் என்ன அதிசயம் என்று கேட்பாய். கூட்டேரிப்பட்டில் நான் ஆரம்பித்தது மழைப் பாட்டு.

ஆரம்பித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பாட்டுதான் ஓடியது, கூடவே நானும் பிடித்துக்கொண்டேன். அப்புறம் பஸ்காரன் நாலு பாட்டு மாற்றிவிட்டான், நான் என் பாட்டுக்குப் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன். எந்த இடத்தில் மழை நின்று குழந்தை வந்தது? விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு முன்னாலா, பின்னாலா? தெரியவில்லை. சட்டைப் பையில், பாட்டு மாறும்போது நீ கம்பியில் தட்டுகிற நாணயம் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. நான் அதை எடுக்கவே இல்லை. தட்டாமலே மாறியிருக்கிறேன்.

பக்கத்தில் இருந்தவர் "இன்னா சார், வேர்க்குது ஒங்களுக்கு?" என்றார். ஆடி மாசக் காற்றில் வேர்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. சர்க்கரை என்று சொல்லிவைத்தேன். நம் பக்கத்தில் சர்க்கரை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி வராது, வைத்தியம்தான் வரும். விழுப்புரம் வரைக்கும் அவர் எனக்குப் பாகற்காய் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். தப்பில்லை. கடைசியில் இதெல்லாம் உனக்கு மறந்துபோய்விட்டது, யாராவது ஒருவர் மறுபடி சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீ திண்டிவனம்–விழுப்புரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் திண்டிவனத்துக்காரன், விழுப்புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், "கடைசி வரிக்கு முந்தின வரியப் படிங்க" என்று சொல்லிச் சொல்லியே முடி நரைத்தவன். நடுநடுவே பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதுவேன். மனைவி அடிக்கிற துணுக்கு, மாமியார் வருகிற துணுக்கு. அதைப் படித்து என் மனைவி ஒருமுறைகூடச் சிரித்ததில்லை, என் மாமியார் ஒருமுறைகூடப் படித்ததில்லை. இருவரும் என்மேல் வைத்த மரியாதை அது.

நாம் முதன்முதலில் பேசிய அன்றைக்கு உன் பஸ்ஸில் ஒரு குத்துப்பாட்டு அலறியது. நான் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து, "இது புதுப்பாட்டாமா? தங்கச்சி செத்துப்போனதும் அண்ணன்காரன் அழுதுகினே பாடுவானே, அந்தப் பழைய பாட்டு. கால்ல சலங்கை கட்டி வுட்டிருக்கானுங்க" என்று பக்கத்து ஆளிடம் சொன்னேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உன் தலை வந்தது.

"யாரு சொன்னது?"

டிக்கெட் எடுக்காதவனைக் கேட்கிற தோரணை. "எடுத்துட்டேங்க" என்று டிக்கெட்டைக் காட்டினேன்.

"அத்த வையி உள்ள. பாடிக் காட்டு."

பாடினேன். என் குரலைப் பற்றி உனக்குத் தெரியும். நான் பாத்ரூமில் பாடினால் மாடியில் இருக்கிறவர்கள் மோட்டாரைப் போய்ப் பார்ப்பார்கள். இருந்தும் பாடினேன். ஸ்பீக்கரில் ஒருத்தி இடுப்பை ஆட்டிப் பாட, அந்த மெட்டின்மேலேயே நான் செத்துப்போன தங்கச்சிக்கு அழுதேன். பல்லவி பொருந்தியது. சரணமும் ஒரு நூல் பிசகாமல் பொருந்தியது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்த சிரிப்பில் இரண்டு ஸ்டாப்பிங்குக்கு டிக்கெட் போடவில்லை.

"பாட்டு போடுறவங்க எல்லாரும் ஒரே தெருவுல குடியிருக்காங்க போல மச்சான்" என்றாய். பார்த்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் மச்சான். "சக்கரை தீந்துபோனா பக்கத்து வூட்டாண்ட டம்ளர நீட்டறானுங்க."

அப்படித்தான் ஒட்டுப்பாட்டு பிறந்தது. டிரைவர் பக்க சீட்டெல்லாம் ஒரு கட்சி, படி பக்க சீட்டெல்லாம் ஒரு கட்சி. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும். அதே சாயலில் இருக்கிற இன்னொரு பாட்டைக் கண்டுபிடித்து அதன்மேல் ஏற்றிப் பாடவேண்டும். பாதி வழியில் நீ சைகை காட்டினால் இரண்டு கட்சியும் பாட்டை மாற்றிக்கொள்ளவேண்டும். சாமிப் பாட்டில் ஆரம்பித்த கட்சி சாராயப் பாட்டில் போய் முடியும். தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நர்சரி என்று தினமும் போகிறவர்கள்தான் அத்தனை பேரும். நம் பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் லேட்டானாலும் காத்திருந்து ஏறுவார்கள். பின்னால் காலியாக வருகிற பஸ்காரன் வயிறு எரிந்து செத்தான்.

முதலில் நீ சைகைக்கு விசில் ஊதினாய். அதை எந்தக் கண்டக்டராவது செய்வானா? பாட்டு மும்முரத்தில் உனக்குத் தோன்றவில்லை. பேரணி தாண்டிப் பஸ் பறந்துகொண்டிருந்தபோது, பாட்டை மாற்றச் சொல்லி ஒற்றை விசில். ஒற்றை விசில் என்றால் டிரைவருக்கு ஒரே அர்த்தம்தான். பிரேக்கில் ஏறி நின்றார். அத்தனை பேரும் அத்தனை பேர்மேலும் விழுந்தோம். டீச்சரம்மாவின் டிபன் பாக்ஸ் பறந்துபோய்ப் பத்திரப் பதிவு ஆபீஸ் குமாஸ்தாவின் மடியில் கவிழ்ந்தது. எலுமிச்சை சாதம். அடுத்த வருஷம் இரண்டு பேரும் கல்யாணப் பத்திரிகை நீட்டினார்கள். ஒட்டுப்பாட்டால் ஒட்டிய ஒரே ஜோடி. பின்னாளில் அவர்கள் வீட்டில் யார் கட்சி ஜெயித்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் அது வேறு கதை.

டிரைவர் அண்ணன் இறங்கிவந்து கத்தினார். "யோவ், நீ பாட்டுக்கு ஊதுறியா, பஸ்சுக்கு ஊதுறியா? ஒண்ணு சொல்லு. ஒன்னோட பேஜாரா பூட்ச்சு எனக்கு!"

அன்றிலிருந்துதான் நாணயம். அந்தக் காலத்துக் கனத்த ஒரு ரூபாய், ஓரமெல்லாம் தேய்ந்தது. பாட்டு மாறுகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால் நீ அதால் கம்பியில் ஒரு தட்டு தட்டுவாய். டிங். அந்தச் சத்தம் கேட்டால் பஸ்ஸே பக்கம் மாறும். தட்டாமல் எவனாவது தவறி மாறிவிட்டால் அந்தக் கட்சி தோற்றது.

"மாறுறது தப்பில்ல மச்சான். மாறுறோம்னு தெரிஞ்சி மாறணும்" என்பாய்.

ஒரு காலேஜ் பெண், "அண்ணா, இதுக்கு மேஷ்-அப்னு பேரு" என்று சொன்னாள். மேஷ் என்றால் என்ன என்று விசாரித்தாய். மசிப்பது என்று நான் சொன்னேன். "மசிக்கிறதா? கெய்வங்களுக்குப் பல்லு போனா மசிக்கிறது. நம்மள்து ஒட்டு. இந்தப் பக்கம் மல்கோவா, அந்தப் பக்கம் நாட்டு மாங்கா, ரெண்டும் தனியா தெரியணும். தெரியலைன்னா அது பாட்டு இல்ல, கூழு" என்று அவளுக்கு விக்கிரவாண்டி வரைக்கும் வகுப்பெடுத்தாய்.

பாட்டு உச்சத்தில் இருக்கும்போது திடீரென்று கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துவாய். "இப்ப எந்தப் பாட்டுல இருக்கோம்?" யார் முதலில் கத்துகிறார்களோ அந்தக் கட்சிக்கு வெற்றி. "மழை! மழை!" "இல்லப்பா, தாலாட்டு!" அந்த ஒரு கேள்விக்காகவே தினமும் வந்தவர்கள் உண்டு. எனக்கு இப்போதும் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது. ஆனால் அது விளையாட்டாகக் கேட்ட குரல் இல்லை. அதற்கு வருகிறேன்.

நீ முதல்முறை தட்டாமல் மாறியது ஒரு வெள்ளிக்கிழமை. முருகன் பாட்டில் போய்க்கொண்டிருந்தவன் சத்தமில்லாமல் காதல் பாட்டுக்குள் போய்விட்டாய். நாணயம் உன் விரலிடுக்கில்தான் இருந்தது. பஸ் ஒரு கணம் திகைத்து, அப்புறம் கை தட்டியது. "சொல்லாம கொள்ளாம மாத்திட்டாரு பாரேன்! வாத்தியாரு வாத்தியாருதான்!" நானும்தான் கை தட்டினேன். நீ எங்களைப் பார்த்து, எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாதவன் மாதிரிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அடக்கம் என்று நினைத்தேன்.

அப்புறம் ஊர்ப்பெயர்கள். விக்கிரவாண்டியில் நின்றுகொண்டு, "கூட்டேரிப்பட்டு! மயிலம் போறவங்கல்லாம் எறங்கு!" என்று கத்தினாய். பஸ் சிரித்து உருண்டது. ஸ்டாப்பிங்கையே ஒட்டுப் போடுகிறார் என்று அதற்கும் ஒரு பாராட்டு. ஒரு பெரியவர் மட்டும் உன் பேச்சை நம்பி இறங்கிப்போய், மயிலம் கோயிலைத் தேடிச் சுங்கச்சாவடிக்காரனிடம் வழி கேட்டாராம். அதை நான் துணுக்காக எழுதி அனுப்பினேன். பிரசுரமானது.

நமக்குத்தான் இந்தக் கதி வரும் மச்சான். வேறு எந்த பஸ்ஸாக இருந்தாலும், கண்டக்டர் பாட்டை மாற்றிப் பாடினால், ஊரை மாற்றிச் சொன்னால், ஆளுக்கு என்னவோ என்று ஒருத்தனாவது கேட்டிருப்பான். நம் பஸ்ஸில் கை தட்டினார்கள். குழப்புவதற்கென்றே ஒரு விளையாட்டை உண்டாக்கிவைத்திருந்தோம். நிஜக் குழப்பம் வந்து நம் நடுவில் உட்கார்ந்தபோது அதற்கும் சீட்டுப் போட்டுக் கொடுத்தோம்.

கூட்டேரிப்பட்டு சம்பவம் உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு மறக்க வழியில்லை. அவித்த மல்லாட்டைக் கடலை விற்கிற அம்மா கூடையோடு ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நீ அவளைப் பார்த்துக்கொண்டே இரட்டை விசில் கொடுத்தாய். பஸ் நகர்ந்தது. அவள் கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து ரோட்டில் உட்கார்ந்தாள். பின்சக்கரம் அவள் புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது. நாங்கள் கத்திய கத்தலில் டிரைவர் நிறுத்தினார். அவளுக்கு அடி இல்லை. மல்லாட்டை நாலு பக்கமும் சிதறிக் கிடக்க, ரோட்டில் உட்கார்ந்தபடியே, "கண்ணு அவிஞ்சி பூட்ச்சாடா ஒனக்கு! பாடையில போறவனே! ஆளு ஏறிக்கினு கீறேன்ல!" என்று உன் ஏழு தலைமுறையையும் இழுத்தாள்.

நீ படியில் நின்றாய். அவளைப் பார்த்தாய், விசிலைப் பார்த்தாய். ஸ்பீக்கரில் மழைப் பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டாய்.

"இப்ப எந்தப் பாட்டுல இருக்கோம்?"

பஸ் முழுக்க, பழக்கதோஷத்தில், சந்தோஷமாகக் கத்தியது. "மழ!"

நான் மட்டும் உனக்கு நேர் எதிரில் இருந்தேன். உன் கண்ணைப் பார்த்தேன். நீ விளையாடவில்லை. உனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கிணற்றுக்குள் இருந்து ஒருவன் மேலே பார்த்துக் கேட்கிற மாதிரிக் கேட்டாய்.  அன்றைக்குப் பிடித்த பயம்தான் இப்போது செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தது.

அதோடு விசிலைக் கழற்றிவிட்டாய். பாண்டிச்சேரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்று சொன்னதாக உன் வீட்டு அக்கா சொன்னாள். "பிரேக் இல்லாத வண்டின்னு சொல்றாரு தம்பி" என்றாள். உன்னோடு குடித்தனம் செய்து அவளுக்கும் பஸ் பாஷை வந்துவிட்டிருந்தது.

உன் கீழ்ப்பெரும்பாக்கத்து வீட்டுக்குக் கடை முடிந்ததும் வாரம் ஒருமுறை வருவேன். போகப்போக என்னைத் தெரியாமல் போனது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் டிக்கெட் கேட்பாய்.

"எங்க போவணும்?"

"திண்டிவனம்."

"நிக்காது. எறங்கு."

"முப்பது வருஷமா நின்னுச்சே மச்சான்."

"அது சாதா பஸ்சு. இது எக்ஸ்பிரஸ்." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்காவிடம் திரும்பி, "இந்த ஆளு எங்க எறங்கணுமாம்? கேட்டு ஜல்தியா எறக்கி வுடு. பாவமா கீறான்" என்றாய். அக்காவும் நானும் சிரித்தோம். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

கடைசியாக வந்தபோது நான் ஒரு யோசனையோடு வந்தேன். நினைவு போனவர்களுக்கும் பாட்டு போகாது என்று எங்கோ படித்திருந்தேன். துணுக்கு எழுதுகிறவனுக்குப் படித்ததெல்லாம் பலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. நாணயத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மழைப் பாட்டை ஆரம்பித்தேன். தாலாட்டுக்கு மாறுகிற அந்த வளைவு வரும்போது நீ தட்டுவாய் என்று உன் கையையே பார்த்துக்கொண்டு பாடினேன்.

தட்டினாய். முதல் வரியிலேயே தட்டினாய். டிங். அடுத்த சொல்லுக்கும் தட்டினாய். டிங். கட்டில் கம்பியில் ஒவ்வொரு எழுத்துக்கும், நான் மூச்சு வாங்கிய இடத்துக்கும், நான் பாடாமல் நிறுத்திய பிறகும், டிங், டிங், டிங். உன் முகத்தில் அவ்வளவு கவனம். எந்த இடமும் விட்டுப்போய்விடக் கூடாது என்கிற கவனம். எல்லா இடமும் உனக்கு மாறுகிற இடமாக ஆகிவிட்டிருந்தது. நிற்கிற இடமே இல்லை.

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். கைக்குள்ளும் அது தட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசி அடைமழையில் நீ போனாய். மழைப் பாட்டுக்காரனுக்குப் பொருத்தம்தான் என்று பழைய பயணிகள் பேசிக்கொண்டார்கள். டீச்சரம்மாவும் குமாஸ்தாவும் ஒரே குடையில் வந்திருந்தார்கள். காரியம் முடிந்த அன்று அக்கா நாணயத்தை என் சட்டைப் பையில் போட்டு, "நீயே வெச்சிக்க தம்பி. வூட்ல இருந்தா எனக்குச் சத்தம் கேட்டுக்கினே கீது" என்றாள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பயந்தவன், புதன் வியாழன் இரண்டு நாளும் என்னை நானே வேவு பார்த்தேன். கடையில் ஒருவருக்கு ஃபிரேம் மாட்டிவிட்டு வேறு ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இது நோயா, வயசா? வீட்டுச் சாவியை எடுக்காமல் கிளம்பினேன். இது நோயா, திமிரா? ஐம்பத்தைந்து வயசில் மனுஷன் மறப்பதற்கு ஆயிரம் காரணம். ஆனால் எனக்கு எதைப் பார்த்தாலும் கூட்டேரிப்பட்டுப் படியில் நின்ற உன் முகம்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை, மனைவியிடம்கூடச் சொல்லாமல், விழுப்புரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன்.

சின்னப் பெண். என் கடையில் கண்ணாடி வாங்கியவள்தான். வாழ்நாள் முழுக்க "இது என்ன எழுத்து?" என்று ஊரைக் கேட்டவனை உட்காரவைத்து, "இது என்ன மாசம்? நாம எந்த ஊர்ல இருக்கோம்?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன். அப்புறம் மூன்று சொல் சொன்னாள். "ஞாபகம் வெச்சுக்குங்க அங்கிள், கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்பேன்."

கிணறு, தொப்பி, சாவி. நான் சும்மா இருப்பேனா? மூன்றையும் மழைப் பாட்டு மெட்டில் ஏற்றி உள்ளுக்குள் பாட ஆரம்பித்துவிட்டேன். கடிகாரம் வரையச் சொன்னாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். பாட்டு பின்னால் ஓடிக்கொண்டேயிருந்தது. கடைசியில் சொல்லைக் கேட்டபோது தலையை ஆட்டிக்கொண்டு பாடியே காட்டினேன்.

"பாடாமச் சொல்லுங்க அங்கிள்."

"கிணறு... தொப்பி..."

மூன்றாவது வரவில்லை. மெட்டு இருக்கிறது, அந்த இடத்தில் சொல் இல்லை.  அவள் பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தாள்.  அந்த ஒரு நிமிஷத்தில் நான் உன் கட்டிலில் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனிடம் எல்லாம் டிக்கெட் கேட்பதுவரை பார்த்துவிட்டேன்.

அவள் பயமுறுத்தவில்லை. தூக்கம் குறைந்தாலும் இப்படி ஆகும், ரத்தத்தில் சத்துக் குறைந்தாலும் ஆகும், மனக்கவலைக்கும் ஆகும் என்றாள். ரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்தாள். "இப்பவே எதுவும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் பயப்படாதீங்க." மூன்று மாசத்துக்குப் பயப்படாமல் இருக்க ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டேன். சிரித்தாள். நான் ஜோக் அடிக்கவில்லை.

திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டியதும் அந்தச் சொல் தானாக வந்தது. "சாவி!" என்று கத்தியேவிட்டேன். இப்போதைய கண்டக்டர் பையன் ஓடிவந்தான். "தொலைச்சிட்டியா சார்? எந்த சீட்ல?" எல்லாரும் குனிந்து என் சாவியைத் தேடினார்கள். இல்லாத சாவியை நானும் குனிந்து தேடினேன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க ஒரு பாட்டையாவது முழுசாப் பாடி நான் கேட்டதில்ல. இப்ப புதுசா இன்னா?" ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் கீரைக்கட்டில் தண்டை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் இரட்டிப்பானது. அவளும் பயப்படுகிறாள்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம் மச்சான். உன் நாணயத்தைக் காட்டினேன். "நான் பாடறப்ப நடுவுல நிறுத்தி, எந்தப் பாட்டுல இருக்கேன்னு ஒன்ன கேப்பேன். இத்தால தட்டிட்டுக் கேட்டா விளையாட்டு. நீ வாய்க்கு வந்தத சொல்லிச் சிரி. தட்டாம கேட்டா..."

"கேட்டா?"

"சிரிக்காத. எந்தப் பாட்டுன்னு மெதுவா சொல்லு. கைய புடிச்சிக்கினு சொல்லு."

அவள் நாணயத்தை வாங்கி, முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கூட்டேரிப்பட்டில் உனக்கு ஒருத்தராவது அப்படிச் சொல்லியிருக்கவேண்டும். நாங்கள் நாற்பது பேர் கோஷம் போட்டோம்.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பல் விளக்கிவிட்டு, பனியனோடு சமையலறை வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். நல்ல குஷி. ராத்திரி தூக்கம் வந்திருந்தது. பக்கத்து வீட்டு மிக்சிகூடச் சுருதிக்கு ஒத்துவந்தது. சரணத்தின் நடுவில் கையை உயர்த்தி, உன் தோரணையிலேயே கேட்டேன்.

"இப்ப எந்தப் பாட்டுல இருக்கேன்?"

அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. டம்ளரைக் கீழே வைத்தாள். என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஜுரக்காரக் குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னாள். "மழைப் பாட்டுங்க. மழைப் பாட்டுலதான் இருக்கீங்க."

அப்போதுதான் உறைத்தது. நான் தட்டவில்லை.

நாணயம் ஆணியில் தொங்குகிற சட்டையில் இருந்தது. ஓடினேன். எடுத்துவந்து ஜன்னல் கம்பியில் தட்டினேன். டிங். "விளையாட்டுதான். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். பனியன்ல பை இல்ல, அதான்" என்றேன். மழைப் பாட்டு என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது மச்சான். தெரிந்துதான் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவள் டம்ளரை எடுத்து நீட்டினாள்.

"லேட்டா தட்டுனா செல்லுமா?"

அந்த விளையாட்டின் சட்டமெல்லாம் உன்னிடம்தான் இருந்தது. இதற்கு என்ன தீர்ப்பு என்று நீ சொல்லவே இல்லை. காப்பியை வாங்கிக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

சட்டைப் பையை இனி நம்புவதாக இல்லை. இதை எழுதும்போது நாணயம் இடது உள்ளங்கையில் இருக்கிறது. வேர்வையில் வழுக்குகிறது, இறுக்கிப் பிடித்திருக்கிறேன். மேஜைக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பி, கையெட்டும் தூரம்தான்.